அறுநூற்றிலும் ஒரே பெயர்

மேனேஜர் ரங்கநாதன் "க்க்ஹும்" என்று செருமினாலே ஒப்பந்த ஆட்கள் வரிசையில் ஒரு நாற்காலி காலியாகும். அன்றைக்கு முறை ஜெபசீலியின் நாற்காலிக்கு.

"இந்த மொபைல் ஆப்பை உருவாக்குற பில்ட் செட்டிங் அறுநூறு இருக்கும்மா. எதையோ யாரோ கெடுத்து வெச்சிருக்கான். ஆறு மணிக்குள்ள ஆளைப் பிடிச்சுக் குடு. இல்லே, நீதான்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

மணி ஐந்து. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் ஒரு வாரம் ஆகும். ஜெபசீலி எல்லாவற்றையும் தானாகவே பார்க்கும் ஒரு சின்ன நிரல், ஸ்கிரிப்ட், எழுதினாள். அது அறுநூற்றையும் கோப்புகளாக இறக்கி, கெட்டுப்போன வரியைத் திருத்தி, கடைசியாகக் கைவைத்தவர் பெயர்களையும் பட்டியல் போட்டுத் தந்தது.

ஆறு மணிக்கு, ஆப்பைச் செய்யச் சொன்ன கிளையண்ட் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருக்க, "ம்ம், யாரு அந்த மேதாவி?" என்றார் ரங்கநாதன்.

"நீங்கதான் சார். அறுநூறுலயும் உங்க பேர்தான்."

"ஏய்! நீங்க எல்லாரும் என் பாஸ்வேர்டுலதானே வேலை செய்றீங்க!"

பாஸ்வேர்டை யாருக்கும் தரக்கூடாது என்பது ஒப்பந்தம்; கிளையண்டின் முகம் இறுகியது. ரங்கநாதன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆமா சார். மூணு வருஷமா நாங்க செஞ்ச நல்லதெல்லாம் உங்க பேர்லதான் போச்சு. இதுவும் போகட்டுமே."

அவள் வேலை தப்பியது. எல்லோரும் போனபின் ஜெபசீலி அந்தப் பட்டியலில் தன் பெயரைத் தேடினாள். மூன்று வருஷத்தில் ஓரிடத்தில்கூட இல்லை.