பாதி நேரத்தில் வேலையை முடித்தவர்கள்

ஈரோடு பெருந்துறை ரோட்டில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் மூன்று புத்திசாலிகள் வேலை பார்க்கிறார்கள். புத்திசாலிகள் என்று நான் சொல்லவில்லை, அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். கடைக்கு வருகிற ஆட்களோடு எனக்கு எதற்கு வம்பு?

மூவரில் மூத்தவர் சென்னியப்பன். பெண் தேடிய பதினோரு வருஷத்தில் அவருடைய ஜாதகத்தை நகல் எடுத்தே என் மெஷின் இரண்டு தடவை படுத்துவிட்டது. போன தை மாசம்தான் தமயந்தி வந்து வாய்த்தார். ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிற வேலை. தங்கமான பெண். புத்தியிலும் இவருக்குச் சரியான ஜோடி என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மற்ற இருவர் மெய்யரசு, லோகநாயகி. கல்யாண மண்டபங்களுக்கு நாள் குறித்துக் கொடுக்கும் மென்பொருளை இவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அது ஓடுவது இங்கே இல்லை. எங்கோ வெளியூரில் வாடகைக்குப் பிடித்த கணினியில் ஓடுகிறது. கிளவுட் என்பார்கள். அங்கே என்ன வேலை ஓடுகிறது, எந்த ஊரில் ஓடுகிறது, யார் பொறுப்பு என்றெல்லாம் ஒரு பதிவு உண்டு. இரண்டு வருஷமாக அந்தப் பதிவை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சென்னைத் தலைமை ஆபீஸிலிருந்து லலிதாம்பிகை மேடம் போன் செய்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நேரில் வருவாராம். பதிவுக்கும் நடப்புக்கும் ஒரு முடியளவு வித்தியாசம் இருக்கக் கூடாதாம். இருந்தால் ஈரோடு ஆபீஸை மூடிவிட்டு மூன்று பேரையும் சென்னைக்கு மாற்றிவிடுவாராம்.

சென்னியப்பன் நேராக என் கடைக்கு இறங்கி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"பதினோரு வருஷம் தேடினனுங்க. ஒன்றரை மாசந்தான் ஆச்சு. அதுக்குள்ள அவளை இங்க விட்டுப்போட்டு நான் மட்டும் சென்னைல போயி என்னங்க பண்றது?" என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு டீ வாங்கிக் கொடுத்து மேலே அனுப்பினேன்.

மேலே பதிவைத் திறந்து பார்த்தார்கள். தப்பு மூன்று. பொறுப்பாளர் பூபதி என்று இருந்தது. பூபதி இரண்டு வருஷத்துக்கு முன்பே வேலையை விட்டுவிட்டுச் சென்னிமலைப் பக்கம் ஆடு வளர்க்கிறார். கணினி மும்பையில் என்று இருந்தது. அதை ஐதராபாத்துக்கு மாற்றி ஒரு வருஷம் ஆகிறது. நிலை என்ற இடத்தில் 'சோதனை ஓட்டம்' என்று இருந்தது. அதுவோ நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

நகல் கொடுக்கப் போனவன் நான், அப்படியே நின்றுவிட்டேன். அந்த விவாதம் அப்படி.

"பதிவுல பூபதி இருக்கறாரு. நாற்காலில நீங்க இருக்கறீங்க. இதுல எது தப்புங்க சார்?" என்று கேட்டாள் லோகநாயகி.

சென்னியப்பன் விரல் விட்டு எண்ணினார். "பதிவுல தேதி இருக்குது, நேரம் இருக்குது, எழுதுனவங்க பேரு இருக்குது. என் மேல அப்படி ஒண்ணும் இல்லியே."

"அப்படின்னா நீங்கதான் தப்புங்க" என்றான் மெய்யரசு.

"எனக்கும் அப்படித்தான் படுது."

ஆனால் பதிவை மாற்றுவதும் கஷ்டமில்லை என்றான் மெய்யரசு. எஸ்.டி.கே. என்று ஒரு மென்பொருள் தொகுப்பு இருக்கிறதாம். அதை வைத்து நாலு வரி எழுதி ஓட்டினால் பதிவு தானாகத் திருந்திவிடுமாம். எதை மாற்ற வேண்டும் என்று மேடம் சொல்லவில்லை, வித்தியாசம் இருக்கக் கூடாது என்றுதான் சொன்னார். பதிவையா, நடப்பையா? அரை மணி நேரம் மூவரும் மோட்டுவளையைப் பார்த்தார்கள்.

கடைசியில் சென்னியப்பன் தீர்ப்புச் சொன்னார்.

"ரோடு போடறவங்க ரெண்டு பக்கத்திலிருந்தும் போட்டுட்டு வந்தா பாதி நாள்ல முடியுதில்ல? நாமளும் அப்படியே பண்ணுவோம். மெய்யரசு, நீ நடப்பைப் பாத்துப் பதிவை மாத்து. லோகா, நீ பதிவைப் பாத்து நடப்பை மாத்து."

மூவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். எனக்கும் கொடுத்தார்கள். நானும் குலுக்கினேன், என்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை மெய்யரசு நாலு வரியை எழுதி ஓட்டினான். பொறுப்பாளரை மாற்றுவதால் பழைய ஆளுக்கு உரிமை போய்விடும், இது உங்களுக்குத் தெரியுமா என்று அது கேட்டது. தெரியும் என்று ஒரு சொல் போட்டால் முடிந்தது. அவன் போடவில்லை. "எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்கிறது அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கவலைப்பட்டுக் கீழே வந்து, 'எனக்குத் தெரியும் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்' என ஒரு தாள் டைப் அடிக்கச் சொன்னான். நோட்டரியிடம் முத்திரை வாங்கினான். மேலே கொண்டுபோய் மானிட்டருக்கு நேராக மத்தியானம் வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றான். கை வலித்த பிறகுதான் அந்த ஒரு சொல்லைப் போட்டான். பதிவு மாறிவிட்டது. முத்திரை வேலை செய்துவிட்டது என்று இன்றைக்கும் நம்புகிறான்.

லோகநாயகி அதற்குள் சென்னிமலைக்குப் போய்விட்டாள். பூபதி வர மாட்டேன் என்றார். ஆடு ஒன்று குட்டி போடுகிற நிலையில் இருக்கிறது, விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆட்டையும் சேர்த்துக் கூட்டிவந்தாள். லிப்டில் அது என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. அந்த மாடியில் எனக்குக் கிடைத்த ஒரே துணை அது.

புதன்கிழமைக்குள் அவள் கணினியை மும்பைக்குத் திருப்பிவிட்டாள். நிஜமாக ஓடியதைச் சோதனை ஓட்டத்தில் போட்டாள். மண்டபம் பதிவு செய்திருந்தவர்களுக்கெல்லாம் 'இது சோதனைக்கான பதிவு, நிஜமல்ல' என்று செய்தி போயிற்று. பவானியிலிருந்து பெண்ணைப் பெற்ற ஒருவர் பதறிப்போய்ப் போன் செய்தார். பத்திரிகை கொடுத்தாயிற்று, கல்யாணம் நிஜமா இல்லையா என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் நிஜமில்லீங்க. அப்புறமா நடத்திக்கலாம்" என்று சென்னியப்பன் பணிவாகப் பதில் சொன்னார்.

புதன் சாயங்காலம் சரிபார்த்தார்கள். இரண்டு பக்கமும் வேலை பாதி நேரத்தில் முடிந்திருந்தது. பதிவில் சென்னியப்பன், நாற்காலியில் பூபதி. பதிவில் ஐதராபாத், கணினி மும்பையில். பதிவில் நிஜ ஓட்டம், ஓடுவது சோதனை.

அட கெரகமே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்கள். வைத்த கையை எடுத்ததும், அவரவர் செய்ததை அவரவர் திருப்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். வியாழன் மத்தியானத்துக்குள் திருப்பியும் விட்டார்கள். பதிவில் பூபதி, நாற்காலியில் சென்னியப்பன், நிஜப் பூபதி ஆட்டோடு மூலையில். வேகத்தில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

ஒருத்தர் சும்மா இருந்தால் போதும் என்று லோகநாயகிக்கு அப்போது தோன்றியது. அந்த மூன்று பேரில் அன்றைக்கு மூளை வேலை செய்தது அவளுக்குத்தான். நீயே செய், நான் நிற்கிறேன் என்று மெய்யரசுவிடம் சொன்னாள். அதெப்படி, நீங்க செய்ங்க அக்கா, நான் நிற்கிறேன் என்றான் அவன். மரியாதை தெரிந்த பிள்ளைகள், இரண்டு பேருமே நின்றுவிட்டார்கள். வியாழக்கிழமை போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் சென்னியப்பன் சாப்பிடாமல் வந்தார். ஆபீஸை மூடப்போகிறார்கள் என்று வீட்டில் தமயந்தி தேம்பித் தேம்பி அழுதாராம். அதைக் கேட்டதும் மற்ற இருவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. கால் மணிக்கு ஒருதரம் நாற்காலியில் யார் என்று பார்த்துப் பதிவைத் தானே மாற்றுகிற மாதிரி நிரலை அமைத்தான் மெய்யரசு. லோகநாயகி ஒவ்வொரு தடவையும் என்னிடம் பதிவுக்குப் புதிதாக நகல் எடுத்துக்கொண்டு போனாள். கால் மணிக்கு ஒருதரம் நிரல் மணி அடித்தது. அடித்ததும் பதிவு ஆளைப் பார்த்து மாறியது; அதே நொடியில் ஆள், அவள் கையிலிருந்த பழைய பதிவைப் பார்த்து மாறினார். சென்னியப்பன் எழுந்தால் பூபதி உட்காருவார், பூபதி எழுந்தால் சென்னியப்பன் உட்காருவார். இரண்டு மணிக்கெல்லாம் ஆடும் கூடவே எழுந்து உட்காரப் பழகிவிட்டது.

நாலு மணிக்கு மேடம் வந்தார். வாசலிலேயே நின்று மூன்று மணியோசை கேட்டார். என்ன நடக்கிறது என்று கேட்டபோது மூவரும் ரோட்டுக் கதையிலிருந்து விளக்கினார்கள். மேடம் ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்த ஆபீஸை மூட மாட்டேன். மூடினா நீங்க மூணு பேரும் சென்னைக்குல்ல வருவீங்க."

பதிவை அவரே உட்கார்ந்து ஒரு நிமிஷத்தில் திருத்தினார். கணினியையும் ஓட்டத்தையும் இருக்கிறபடியே விடச் சொல்லி, மண்டபம் பதிவு செய்தவர்களுக்குத் திருத்தச் செய்தி போகிற வரைக்கும் கூடவே நின்று பார்த்தார். பவானிக் கல்யாணம் மறுபடி நிஜமாயிற்று. பூபதி ஆட்டோடு ஊர் போய்ச் சேர்ந்தார்.

சென்னியப்பன் வீட்டுக்குப் பறந்தார். வீடு பூட்டியிருந்தது. நிலைப்படியில் ஒரு சீட்டு. 'கடையில் சொல்லிச் சென்னைக் கிளைக்கு மாற்றல் வாங்கிவிட்டேன். மத்தியான ரயிலுக்குப் போகிறேன். நீங்கள் வருவதற்குள் வீடு பார்த்து வைக்கிறேன்.' என்ன ஒரு பாசம் பாருங்கள். அன்றைக்குச் சீட்டோடு என் கடைக்கு வந்து அவர் அழுததைப் பார்த்து நானும் அழுதேன், பொய் சொல்லக் கூடாது.

போனில் பேசினார்கள். கடைக்காரரிடம் கெஞ்சி மாற்றலை ரத்து செய்துவிட்டு ஞாயிறு காலை ரயிலில் வந்துவிடுவதாகத் தமயந்தி சொன்னார். சென்னியப்பன் ஒரு நிமிஷம் யோசித்தார்.

"நானும் இங்கிருந்து கிளம்பறனே. ரெண்டு பக்கத்திலிருந்தும் வந்தா பாதி நேரத்துல சேந்துக்கலாம்."

"ஆமாங்க, எனக்கு இது தோணவே இல்ல பாருங்க" என்றார் தமயந்தி.

ஞாயிற்றுக்கிழமை ஜோலார்பேட்டையில் இரண்டு வண்டியும் ஒரே பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் நின்றன. ஜன்னல் வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டார்கள். சென்னியப்பன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிக் கூட்டத்தில் முட்டி மோதி, தமயந்தியின் பெட்டியின் முன்வாசலில் ஏறினார். தமயந்தி பின்வாசலில் இறங்கி, அதே கூட்டத்தில் முட்டி மோதி, சென்னியப்பனின் பெட்டியில் ஏறினார். இரண்டு வண்டியும் கிளம்பிவிட்டன.

சென்னியப்பன் மனைவியின் சீட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். டிக்கெட் பரிசோதகர் வந்து லிஸ்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி லிஸ்டைப் பார்த்தார். இந்த சீட்டில் தமயந்தி, பெண், வயது முப்பத்துமூன்று என்றல்லவா இருக்கிறது என்று கேட்டார்.

"உங்க பதிவு சரியாத்தானுங்க இருக்குது. ஆள்தான் தப்பு. அதைத் திருத்தீராதீங்க, நான் போயி ஆளை மாத்தி அனுப்பீடறேன்" என்று கும்பிட்டுவிட்டு, சென்னியப்பன் திருப்பத்தூரில் இறங்கிச் சென்னை போகிற வண்டியில் ஏறினார்.

அதே நேரம் வாணியம்பாடியில் தமயந்தியும், தன் பரிசோதகரிடம் அதே மாதிரி மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஈரோட்டு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்.