பசியில் தீர்ந்த அம்னீசியா

மிராசுதார் அண்ணாமருது ஒருமுறை பட்டணத்து டாக்டரிடமிருந்து ஓர் இங்கிலீஷ் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்தார்: அம்னீசியா. நடந்ததெல்லாம் மறந்துபோகும் நோய் என்று அதற்கு அர்த்தம். அன்றிலிருந்து அவர் கொடுத்த வாக்கெல்லாம் காற்றோடு போயிற்று.

சமையல்காரர் தவசி கைகட்டி நின்றார்.

"ஐயா, நாளைக்கு என் மகளுக்கு வளைகாப்பு. போய்ட்டு வரச் சொல்லியிருந்தீங்களே?"

"நானா? எனக்கு அம்னீசியா தவசி! எதுவுமே நினைவில்லை. போய் உலையை வை."

"நல்லதுங்க" என்று தவசி உள்ளே போனார்.

மத்தியானம் மிராசுதார் கொலைப் பசியோடு வந்து உட்கார்ந்தார். எதிரே, உண்டு முடித்ததுபோல் மடித்த வாழையிலையும் வெற்றிலைத் தட்டும் இருந்தன.

"சாப்பாடு எங்கே?"

"இப்பத்தானே ஐயா சாப்பிட்டு இலையை மூடினீங்க! வத்தக்குழம்பைக் கேட்டுக் கேட்டு வாங்கினீங்களே!"

"பொய்! காலையில் இட்லி தின்றதோடு சரி!"

"பாவம், அம்னீசியா முத்திடுச்சு" என்று தவசி வெற்றிலையை மடித்து நீட்டினார்.

மிராசுதார் குதித்தார். "எனக்கு ஒரு இழவும் மறக்கவில்லை! காலைச் சட்னியில் உப்பு இல்லாதது, உன்னை வளைகாப்புக்குப் போகச் சொன்னது, எல்லாம் நினைவிருக்கிறது!"

தவசி சிரிக்காமல் புது இலையை விரித்தார்.

"உட்காருங்க ஐயா. ஊருக்குப் பஸ் வர்றதுக்குள்ளே மோர் வரைக்கும் வந்துடலாம்."