பாராயிக்குச் சூடு ஏறிய கதை

கண்ணுக்குத் தெரியாத துகள்கள்கூட வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், வானத்து உச்சியில் காந்தராசா என்று ஒருவர் இருந்தார். மின்சாரம் ஏறிய துகள் எது அவர் எல்லைக்குள் வந்தாலும் பிடித்து வட்டமடிக்க வைத்துவிடுவார். சுற்றத்தான் வைப்பார். வேகம் கூட்டிவிட அவருக்கு வராது. சும்மா சொல்லக் கூடாது, அதை அவரே ஒத்துக்கொள்வார்.

அவர் பிடியில் சுற்றிய துகள்களில் சிட்டான் என்றொரு பூஞ்சை உடம்புக்காரன், பாராயி என்றொரு கனத்த உடம்புக்காரி. பாராயி ஒரு சுற்று முடிப்பதற்குள் சிட்டான் ஆயிரம் சுற்று சுற்றிவிடுவான். துகளுக்கு ஓட்டம்தான் சூடு. இவர்களுக்கு அந்தச் சூட்டைக் கொடுப்பவள் அலையம்மா என்ற மின்னலை. முன்னால் ஒரு தள்ளு, பின்னால் ஒரு இழுப்பு, மறுபடி தள்ளு. சிட்டானின் வேகத்துக்கே வீசிப் பழகிய கை அது.

பாராயியோ நாளுக்கு நாள் குளிர்ந்துகொண்டே போனாள். முழுக்கக் குளிர்ந்தால் அவளிடம் இருக்கும் மின்சாரம் போய்விடும். அப்புறம் காந்தராசாவுக்கே அவளை அடையாளம் தெரியாது.

“அலையம்மா, நீ குடுத்ததை நான் வாங்குறதுக்குள்ளே நீயே பிடுங்கிக்கிறியே!” என்றாள் பாராயி.

அலையம்மாவுக்குச் சுருக்கென்றது. “அடிப்பாவி! ஓயாம அள்ளிக் குடுக்கிறேன், குறையா சொல்றே? இந்தா, வாங்கிக்கோ!” என்று இன்னும் பலமாகத் தள்ளினாள். இழுப்பும் அதே பலத்தோடு வந்தது. பாராயி வெடவெடவென்று நடுங்கினாள், சூடு மட்டும் ஏறவில்லை.

சிட்டானுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. “பலம் போதும்மா! அக்கா சுத்துற நேரத்துக்குத் தக்கபடி மெதுவா வீசு!” என்று கத்தினான்.

“அப்புறம் உனக்கு ஒண்ணும் கிடைக்காதேடா?”

“எனக்கு இருக்கிறது போதும். அக்கா போயிடுவா, சீக்கிரம்!”

அலையம்மா தன் வீச்சை நிதானப்படுத்தினாள். பாராயி பாதி வட்டம் போகும்வரை தள்ளினாள். மீதிப் பாதியில் அவள் திரும்பி வரும்போது இழுத்தாள். அடடா, இழுப்பும் இப்போது பாராயி ஓடும் பக்கமே சேர்ந்துகொண்டது! வட்டம் அகலமானது.

“ஐயோ, வட்டம் பெருசாகுதே, நேரம் தப்பிடுமே!” என்று அலையம்மா பதறினாள்.

“தப்பாது. என் ஓட்டமும் கூடுதில்ல? சுத்துற நேரம் அதேதான்,” என்று பாராயி சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று! சந்தோஷத்தில் சிட்டான் அழுதேவிட்டான்.

அன்று முதல்தான், காந்தத்தின் பிடியில் சுற்றும் கனத்த துகளும்கூட, எவ்வளவு மெலிந்த அலையானாலும் அது தன் சுற்றுக்குச் சரியாகத் துடித்தால், சுற்றுக்குச் சுற்று சூடேறிக்கொண்டே போகிறது.