அமாவாசையில் நின்ற தீனி

என் நாத்தனார் செல்லக்கண்ணு, என் மூத்தவனுக்குத் தொட்டில் கட்டிய வருஷம் எனக்குச் சொன்ன கதை இது.

முன்னொரு காலத்தில் திருவேலிச் சீமையை வீரகேது என்று ஒரு ராஜா ஆண்டார். நல்லவர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அரண்மனை உழவு மாடுகளைப் பூங்காவனம் என்ற பெண்பிள்ளை பார்த்துவந்தாள். அவளை ராஜா ஒருதரம் மெச்சிவிட்டார். களஞ்சிய அதிகாரி ஏகாம்பரத்துக்கு அது பொறுக்கவில்லை.

அன்று அமாவாசை. ஏர் பூட்டாத நாள்.

"மகாராஜா, சும்மா படுத்திருக்கிற மாட்டுக்குத் தீனி எதற்கு?" என்றார் ஏகாம்பரம்.

"அதானே! அடுத்த உழவு வரைக்கும் தீனியை நிறுத்து. நாளை முதல் உத்தரவு!"

அந்தப் பருவத்து உழவு முடிந்திருந்தது; அடுத்த உழவுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. பூங்காவனத்தின் காதுக்குச் செய்தி எட்டியது. அத்தனை மாடும் செத்துப்போகுமே! சுவாமியை நினைத்துக்கொண்டு சபைக்குப் போனாள்.

"உத்தரவு சரிதான் சாமி. சும்மா இருந்தால் பசிக்காது என்று மாட்டுக்குத்தான் தெரியவில்லை. களஞ்சிய ஐயா இன்றைக்குத் தொழுவத்தில் பட்டினியாகப் படுத்துக் காட்டினால், பார்த்துக் கற்றுக்கொள்ளும்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துப்போயிற்று. "ஏகாம்பரம், போய்ப் படுத்துக்கொள்ளும்!" என்றார்.

ஏகாம்பரம் பாயில் படுத்தார். உச்சிவேளைக்கே வயிறு கடமுடா என்றது. பூங்காவனம் ஊறவைத்த எள்ளுப் பிண்ணாக்கை மூலையில் வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போனாள்.

பொழுது சாய்கையில் ராஜா வந்தார். "பசிக்கிறதா?"

"இல்லவே இல்லை மகாராஜா!"

"மீசையில் என்ன பிண்ணாக்கு?"

ஏகாம்பரம் மீசையைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு வேலையும் செய்யவில்லையே, ஏன் பசித்தது?" என்றார் ராஜா.

"செய்தார் சாமி," என்றாள் பூங்காவனம். "அவர் நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள், அடித்துக்கொண்டே இருக்கும். மூச்சும் சுடும். தூங்கினாலும் உள்ளே அந்த அடுப்பு எரிகிறது. தீனிதான் அதற்கு விறகு."

"வைக்கோலில் ஏது சூடு?"

"பயிர் வெயிலைக் குடித்துத்தானே வளர்கிறது? அந்த வெயில்தான் மாட்டுக்குள் போய்ச் சூடாகிறது, ஏர் இழுக்கிற பலமாகிறது. ஏர் இல்லாத நாளில் கொஞ்சம் குறைக்கலாம். நிறுத்தினால் அடுப்பு அணைந்துபோகும்."

ராஜா தம் நெஞ்சிலேயே கை வைத்துப் பார்த்தார். பிறகு உத்தரவை ரத்து செய்து, தொழுவத்துக் களஞ்சியச் சாவியைப் பூங்காவனத்திடம் கொடுத்தார். அடுத்த உழவு வரைக்கும் தினம் விடியலில் பிண்ணாக்கு ஊறவைப்பது ஏகாம்பரத்தின் வேலை. "ருசி பார்க்கக் கூடாது!" என்றும் சொல்லிவிட்டார்.

கேட்டவர்கள் ஒன்று செய்யுங்கள். நாளைக்கு அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல், வாசலுக்கு வருகிற மாட்டுக்கு வையுங்கள்.