முதல் ஊசி அதிகாரிக்கே

"லைசென்ஸ் இல்லாத பொம்பளை ஊசியைத் தொட்டா லேபுக்கே சீல் வெச்சிடுவேன்!" திரும்பத் திரும்ப இதையே கத்திக்கொண்டிருந்தார் சுகாதார அதிகாரி பரமானந்தம்.

அமலோற்பவம் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். ரத்தம் எடுக்கும் இந்த வேலையில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. புது விதிப்படி பரீட்சை எழுதிப் பாஸும் பண்ணிவிட்டாள். அவளுடைய லைசென்ஸ்தான் இவர் மேஜையில் தூங்குகிறது. இவருடைய அக்கா மகன் சுகுமாருக்கு மட்டும் பறந்து வந்துவிட்டது. கூடவே கூட்டி வந்திருக்கும் அவனை அவள் நாற்காலியில் உட்காரவைக்கத்தான் இத்தனை கூத்தும்.

"சட்டம்னா சட்டம்தான் சார்," என்று எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டாள். "மாசாமாசம் சுகர் பார்க்க எங்கிட்டதானே வருவீங்க? இன்னிக்கும் வெறும் வயித்தோடதானே வந்திருக்கீங்க? தம்பி முதல்ல உங்களுக்கே எடுக்கட்டும்."

காத்திருந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் அதிகாரி சட்டைக் கையை மடித்தார்.

சுகுமார் ரப்பர் பட்டையை அவர் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிவிட்டு, முழங்கையில் நரம்பைத் தேடினான்.

"மேல கட்டணும்டா! பரீட்சையில இதைக்கூடவா கேக்கலை?"

"நீங்கதானே மாமா பரீட்சைக்கெல்லாம் போக வேண்டாம், நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்க?"

பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் சத்தமாகவே சிரித்துவிட்டார். சுகுமாருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பட்டையை மாற்றிக் கட்டாமலே ஊசியைக் கிட்டே கொண்டுவந்தான். அதிகாரிக்கு முகமெல்லாம் வேர்த்தது.

"அமலோற்பவம்... நீயே எடுத்துடும்மா."

அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா... தயவு பண்ணி நீயே எடும்மா."