இருபத்து மூன்று வளைகளை அடைத்த முயல்

மூங்கிலாற்றின் கரைக்காட்டில் விலங்குகள் கோல்ஃப் ஆடின. முயலுக்கு மட்டை பிடிக்கக் கை ஏது என்று யாரும் கேட்க வேண்டாம். முயல் பேசும் என்பதை ஒப்புக்கொண்ட பிறகு மட்டையில் வந்து முரண்டு பிடிப்பது நியாயமில்லை.

மைதானத்தைப் பராமரித்தது துளசிமணி என்ற பெண் முயல். பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றி, புல்லை ஒட்ட வெட்டி வழவழவென்று வைத்திருப்பார்கள். அந்தத் தரைக்குக் கிரீன் என்று பெயர். துளசிமணி அதைத் தினமும் தன் பல்லாலேயே கடித்து மட்டம் செய்யும். வேலையும் முடிந்தது, காலைச் சாப்பாடும் ஆயிற்று. மனிதர்கள் பதினெட்டுக் குழி வைத்து ஆடுவார்களாம். விலங்குகளுக்கு அவ்வளவு ஓய்வு கிடையாது. அங்கே இருந்தது ஒரே கிரீன், ஒரே குழி.

ஆனால் அது வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஆற்றின் அக்கரையில் செந்நாய்க் கூட்டம் ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் ஆவணி முதல் நாள் இரு கரையாரும் ஆட்டத்தில் மோதுவார்கள். இக்கரை வென்றால் செந்நாய்கள் ஓராண்டு ஆற்றைத் தாண்டக் கூடாது. அக்கரை வென்றால் தாண்டலாம். தாண்டி வந்து என்ன செய்யும் என்பதை முயலிடம் விளக்கத் தேவையில்லை. ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் உண்டு: ஆட்டத்துக்கு ஆயத்தமாக இல்லாத கரை தோற்றதாகவே கொள்ளப்படும்.

அந்த ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு தகராறு. இக்கரையின் கோல்ஃப் சங்கத்துக்குச் செயலாளர் அலங்காரம் என்ற மயில். அது பயிற்சியில் பந்தை அழகாகத் தட்டியது. பந்து குழியை நோக்கி உருண்டது, உருண்டது, இரண்டு சாண் முன்னால் மாயமாய் மறைந்தது. கூடலிங்கம் என்ற பெருச்சாளியின் வளைக்குள் விழுந்துவிட்டது.

கூடலிங்கம் பந்தோடு வெளியே வந்தது. "யாருடைய முட்டை இது?"

"முட்டை இல்லை, பந்து! விதிப்படி ஒரு கிரீனுக்கு ஒரு குழிதான். நீ எத்தனை வைத்திருக்கிறாய்?"

"நான் எண்ணினது இல்லைங்க."

மயில் எண்ணியது. இருபத்து மூன்று. அன்று மாலையே கூடலிங்கம் ஆற்றோர மேட்டுக்குக் குடிபெயர்ந்தது. வளைகளைக் களிமண்ணால் அடைக்கும் வேலை துளசிமணிக்கு வந்தது. அது மறுக்கவில்லை. பெருச்சாளி தோண்டிப் போட்ட மண்ணைத் தினமும் பெருக்கி அதற்கும் அலுத்திருந்தது.

ஆடியில் மழை பிடித்தது. விட்டு விட்டு ஒரு வாரம். ஒரு மழை நின்ற அரை நாளில் காடெல்லாம் வடிந்துவிடும். கிரீனில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர். தவளைகள் குடும்பத்தோடு வந்து இறங்கின.

"இது கிரீன்" என்றது துளசிமணி.

"இருக்கட்டும், பச்சையாகத்தான் இருக்கிறது. எங்களுக்குப் பிடித்திருக்கிறது" என்றது ஒரு தவளை.

மயில் நாற்பது மான்களை அழைத்து வந்தது. "மிதியுங்கள். மிதித்தால் தண்ணீர் வெளியேறும்" என்றது. மான்கள் மிதித்தன. ஈரமண் இறுகி, நடைபாதை போலக் கெட்டியானது. முன்பு ஊறிய கொஞ்சத் தண்ணீர்கூட இப்போது ஊறவில்லை.

ஆவணிக்கு மூன்று நாள் இருந்தபோது செந்நாய்களின் தலைவன் செங்கோடன் மைதானத்தைப் பார்வையிட வந்தது; அதற்கு மட்டும் ஒப்பந்தத்தில் இடம் உண்டு. பந்தைக் கிரீனில் போட்டது. பந்து மிதந்தது.

"அருமையான ஏற்பாடு" என்றது செங்கோடன். "மட்டைக்குப் பதில் துடுப்பு கொண்டு வர வேண்டுமா?" துளசிமணியைத் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை பார்த்தது. "இந்த வருஷம் நல்ல புஷ்டியாக இருக்கிறாய், அம்மணி."

அது போன பிறகு துளசிமணி தண்ணீரில் கால் வைத்து கிரீனைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஓர் ஓரத்தில் கால் நனையவில்லை. சற்றே திகைத்துக் குனிந்து பார்த்தது. ஒரு முழம் சுற்றளவுக்குத் தரை காய்ந்திருந்தது. அதன் நடுவில் அதுவே அடைத்த வளை. இருபத்து மூன்றாவது. அன்று கை சலித்துப் போய், அரைகுறையாக அடைத்திருந்தது.

ஆறடிக்குக் கீழே மணல் இருந்தது. மேலே இருந்ததோ களிமண். அந்தக் களிமண்ணைத் துளைத்து இத்தனை வருஷமும் தண்ணீரை மணலுக்கு இறக்கியவை பெருச்சாளியின் வளைகள்தான். சம்பளமில்லாமல் வேலை பார்த்தவனை வேலை கெடுத்தவன் என்று விரட்டியாயிற்று.

துளசிமணி ஆற்றோர மேட்டுக்கு ஓடியது.

"அண்ணே, உங்க வளையை அடைத்தது நான்தான்."

"தெரியும். அடைக்கத் தெரியாமல் அடைத்திருந்தாய். யாரென்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை."

"செந்நாய் வரப்போகுது அண்ணே. நீங்க திரும்ப வந்து தோண்டணும். ஆனா பந்து உள்ளே விழக் கூடாது."

கூடலிங்கம் மீசையைத் தடவி யோசித்தது. "வளை இருக்கணும், வாய் தெரியக் கூடாது. அவ்வளவுதானே? இதை அந்த மயில் அப்போதே சொல்லியிருந்தால் நான் வீடு மாறியே இருக்க மாட்டேன்."

அதன் சொந்தபந்தம் அத்தனையும் வந்தது. புல்லைப் பாய் போலச் சுருட்டி வைத்தார்கள். மான் மிதித்த மண்ணைக் கிளறினார்கள். களிமண்ணைத் துளைத்து வளைகளைத் திறந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஆற்றுச் சரளையைக் கொட்டி, மேலே மணல் பரப்பி, புல்பாயைத் திரும்ப விரித்தார்கள். மிஞ்சுகிற தண்ணீருக்குப் பள்ளத்தை நோக்கி ஒரு கால்வாய் வெட்டினார்கள். அது ஓடிச் சேர்ந்த பள்ளம் நல்ல குட்டையாயிற்று. கோடையில் புல்லுக்கு ஊற்ற அதில் தண்ணீர் இருக்கும்.

தவளைகள் குட்டையைப் பார்வையிட்டன. "ஆழம் போதும். குடிபோகிறோம்" என்றது மூத்த தவளை. "ஆனால் பந்து விழுந்தால் திருப்பித் தர மாட்டோம்."

மயில் எல்லாவற்றையும் தள்ளி நின்று பார்த்தது. "கிரீனில் எத்தனை குழி தெரிகிறது?" என்று கேட்டது.

"ஒன்றுதான் ஐயா" என்றது துளசிமணி.

"அப்படியானால் விதிப்படிதான் இருக்கிறது" என்று தோகையைச் சரிசெய்துகொண்டு போனது.

ஆவணி முதல் நாள் விடியுமுன் ஒரு பெருமழை கொட்டி ஓய்ந்தது. பன்னிரண்டு செந்நாய்கள் சிரித்துக்கொண்டே ஆற்றைக் கடந்து வந்தன. பன்னிரண்டும் காலைச் சாப்பாட்டை ஒத்திப் போட்டிருந்தன.

செங்கோடன் பந்தைக் கிரீனில் போட்டது. பந்து மெல்ல உருண்டது. தண்ணீர் எங்கே என்று செங்கோடன் புல்லை முகர்ந்து பார்த்தது, தட்டிப் பார்த்தது. பிறகு தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது.

"ஆரம்பிக்கலாமா?" என்றது துளசிமணி. "உங்க மட்டை எங்கே?"

செந்நாய்கள் ஒன்றையொன்று பார்த்தன. ஆட்டம் நடக்காது என்ற நம்பிக்கையில், வயிற்றைத் தவிர அவை எதையுமே கொண்டு வரவில்லை.

மயில் முன்னால் வந்து தொண்டையைக் கனைத்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விதி அதன் கழுத்தைப் போலவே அழகாக இருந்தது. "ஆயத்தமாக இல்லாத கரை தோற்றதாகவே கொள்ளப்படும்" என்று நிறுத்தி நிதானமாகப் படித்தது.

செந்நாய்கள் வந்த வழியே, வந்த பசியோடு ஆற்றைக் கடந்தன. துளசிமணி கிரீனுக்குப் போய் மிச்சமிருந்த புல்லைக் கடிக்க ஆரம்பித்தது.

ஒன்று நமக்குத் தொல்லை தருகிறது என்று அதை அடைத்துப் போடுவதற்கு முன், அது இதுநாள்வரை நமக்கு என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று ஒரு முறை விசாரித்துக்கொள்வது நல்லது.