கழுமரத்துக்கு முன்னே தமுக்கு

செம்பனூர் ராசாவுக்குக் கோபம் வந்தால் கழுமரம்தான். கும்பிட மறந்தாலும் கழு, எதிர்த்துப் பேசினாலும் கழு. ஆனால் அவருடைய பாட்டனார் கல்லில் வெட்டிவைத்த முறை ஒன்று இருந்தது. கழுவேற்றும் முன் பதினெட்டு ஊரிலும் தமுக்கடித்துக் குற்றத்தைச் சொல்ல வேண்டும், ஊருக்கு மூன்று தடவை. பொய் சொன்னால் தமுக்கடித்தவனுக்கும் கழு.

ஒருநாள் சந்தை நடுவில் புதுக்குதிரை முரண்டு பிடிக்க, ராசா சாணிக்குவியலில் போய் விழுந்தார். உப்பு விற்ற வெள்ளச்சி சிரித்துவிட்டாள்.

"ஏத்துங்கடா இவளைக் கழுவில!"

தமுக்குக்காரன் சடையன் முன்னால் வந்து நின்றான்.

"என்ன குத்தம்னு சொல்றது சாமி?"

"திருடினாள்னு சொல்லு."

"பொய் சொன்னா எனக்கும் கழுவாச்சே சாமி. நடந்ததைத்தான் சொல்லணும்."

"சொல்லித் தொலை!"

சடையன் தமுக்கை ஓங்கி அடித்தான். "இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம்ம மகாராசா குதிரையிலேருந்து சாணியில விழுந்தப்போ..."

"நிறுத்துடா!"

"இது ஒத்திகைதான் சாமி. பதினெட்டு ஊரு, ஊருக்கு மூணு தடவை. ஆக, ஐம்பத்து நாலு தடவை நீங்க விழுந்தாகணும்."

ராசா வெள்ளச்சியைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு நின்ற சந்தையையும் பார்த்தார்.

"உப்பை எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

அதற்குப் பிறகு யார்மேல் கோபம் வந்தாலும், "இதை எப்படிடா தமுக்கில சொல்லுவே?" என்று முதலில் சடையனைக் கேட்பார். சடையனும் அடித்துச் சொல்லிக்காட்டுவான். செம்பனூர்க் கழுமரத்தில் கடைசியாக ஏறியது கறையான்தான்.